பாரதம் வைக்கும் ஊர்கள்

திரௌபதி அம்மன் கோயிலில் மகாபாரதத் திருவிழா நடத்துவதைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் 'பாரதம் வைப்பது' என்பார்கள். பகலில் பிரசங்கி ஒருவர் பாரதம் படித்துப் பொருள் சொல்வார். இரவில் ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு, ஆடும். கடைசி நாளில் குயவர் மண்ணால் செய்த துரியோதனன் களத்தில் மல்லாந்து கிடப்பான். பம்பைக்காரர், பூசாரி, தச்சர், கரகம் எடுப்பவர் என்று இன்னும் பலருக்கு இதில் பங்குண்டு. இத்தனை பேரையும் ஓரிடத்தில் உட்கார வைத்து ஒத்திகை பார்ப்பவர் யாரும் இல்லை. ஆனாலும் விழா ஒரே படைப்பாகவே உருக்கொள்கிறது. அது எப்படி என்பதைப் பார்ப்பதே இந்த வாரப் பகுதி.

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் இந்தச் சமவெளியின் ஏரிகளுக்கு நீர் தருகின்றன. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கதை சொல்கிறார்கள். பெயர் அப்படி இருந்தாலும் அவர்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. அடிவாரத்து ஊர்களில் அறுவடை முடிந்து வயல் ஓய்ந்திருக்கும் பங்குனி முதல் ஆடி வரையான மாதங்கள்தான் கூத்துக்குரிய காலம். ஊர்க்கூட்டம் போட்டு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி நிர்ணயிக்கப்படும். பிறகு பிரசங்கிக்கும் கூத்து வாத்தியாருக்கும் வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுப்பார்கள். அந்தத் தாம்பூலம்தான் ஒப்பந்தப் பத்திரம்.

பிரசங்கியின் கையில் இருப்பது வில்லிபாரதம். வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர், வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில் பாடியவர். திருநாவலூரையும் திருக்கோவிலூரையும் உள்ளடக்கிய நடுநாட்டுப் பகுதியே அந்தத் திருமுனைப்பாடி. ஆகவே இங்கே படிக்கப்படும் பாரதம் வெளியிலிருந்து வந்து சேர்ந்த நூல் அல்ல, இந்த மண்ணில் எழுந்தது. பத்துப் பருவங்கள், 4,300க்கும் மேற்பட்ட விருத்தங்கள். பிரசங்கி ஒரு விருத்தத்தை ராகத்தோடு பாடுவார், பதம் பிரிப்பார், பிறகு ஊர்ப்பேச்சில் கதையை விரிப்பார். நடுவே பயிர், கடன், பங்காளிச் சண்டை எல்லாம் வந்து போகும். வில்லி விட்ட இடங்களை நிரப்ப 18ஆம் நூற்றாண்டின் நல்லாப்பிள்ளை பாரதமும் கைகொடுக்கிறது.

பிரசங்கியையும் கூத்து ஜமாவையும் பிணைப்பது கதையின் வரிசை. பிற்பகலில் பிரசங்கி பகடை ஆட்டத்தைச் சொல்லி நிறுத்தினால் அன்றிரவு 'பகடை துகில்' கூத்து. அவர் தூதுக்கு வந்தால் இரவில் கிருஷ்ணன் தூது. ஒருவர் இரண்டு நாள் முந்தினாலும் பிந்தினாலும் விழா குலைந்துபோகும். பகலில் காதால் கேட்ட கதையை இரவில் கண்ணால் பார்க்கும் ஊருக்குக் கதை முடிவு முன்பே தெரியும். அதனால் கூத்தர் கதை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. திரௌபதியின் ஒரு கேள்வியை ஒரு மணி நேரம் நீட்டலாம். விடிய விடிய ஆடும் கூத்தின் நிதானத்துக்குப் பாதிக் காரணம் பிற்பகல் பிரசங்கம்தான்.

கூத்துக்குள்ளேயும் பல கலைகள் கூடுகின்றன. மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், முகவீணை என்னும் ஊதுகருவி ஆகியவை பின்பாட்டுக்காரர்களோடு ஒரு பக்கம். இருவர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்றபடி வேடம் தன் வருகையை விருத்தமாகப் பாடும். கோமாளியான கட்டியங்காரன் வெளியே நின்று "யார்?" என்று கேட்பான். திரை விலகும்போது முதலில் கண்ணில் படுவது முகம் அல்ல, மரம்.

ராஜ வேடங்கள் அணியும் மர அணிகலன்களுக்குக் 'கட்டை' என்று பெயர். கட்டை கட்டி ஆடும் கூத்து என்பதால் கட்டைக்கூத்து என்ற பெயரும் உண்டு. தலைக்குக் கிரீடம், தோளுக்குப் புஜக்கட்டை, நெஞ்சுக்கு மார்புப் பதக்கம். இவற்றைக் கல்யாண முருங்கை போன்ற கனமில்லாத மரத்தில் செதுக்குகிறார்கள். அதன் மேல் வண்ணம் பூசி, ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லுகளும் ஒட்டுகிறார்கள். கனமான மரமாக இருந்தால் எட்டு மணி நேரம் சுழன்று ஆடும் கழுத்து தாங்காது. கண்ணாடிச் சில்லு வெறும் அலங்காரம் அல்ல. தீப்பந்தமும் எண்ணெய் விளக்கும் மட்டுமே இருந்த காலத்தில் அந்தச் சிறு வெளிச்சத்தை வாங்கி, இருட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் வரைக்கும் எறிந்தது அதுதான். வேடம் கிறுகிறுவென்று சுற்றும்போது வெளிச்சமும் கூடச் சுற்றும். செதுக்கியவர் ஆட்டத்தை மனத்தில் வைத்துத்தான் செதுக்கியிருக்கிறார்.

முகத்துக்கு முத்துவெள்ளையையும் வண்ணப் பொடிகளையும் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுகிறார்கள். துரியோதனனுக்குச் சிவப்பு, கண்ணனுக்குப் பச்சை. கயிறு இழுத்துக் கட்டை கட்ட ஒரு கூத்தருக்கு இன்னொருவர் துணை வேண்டும். தளர்ந்தால் ஆட்டத்தில் கழன்று விழும், இறுக்கினால் மூச்சு முட்டும்.

அர்ச்சுனன் தபசு நடக்கும் நாளில் மேடை தரையைவிட்டு மேலே போகிறது. உயரமான மரத்தை ஊரார் நட்டு, ஏறுவதற்குக் குறுக்குக் கட்டைகள் அடித்துக் கொடுப்பார்கள். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். மரம் நட்டவரின் கைத்திறன்மேல்தான் கூத்தரின் உயிரே நிற்கிறது.

எல்லாரும் ஒரே இடத்தில் சந்திப்பது பதினெட்டாம் போர் முடிந்த காலையில், படுகளத்தில். அதற்காகக் கோயில் எதிரே குயவர் மண் குவித்துத் துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார். பல ஊர்களில் அந்த உருவம் 50 அடியைத் தாண்டும். உள்ளே கொட்டிய மண், மேலே பிசைந்த களிமண், அதன் மேல் வண்ணப் பொடி. அதன் தலையில் இருப்பது கூத்தர் அணியும் அதே கிரீடம், தோளில் அதே புஜக்கட்டை, நெஞ்சில் அதே பதக்கம். குயவர் பார்த்துச் செய்தது நூலில் வரும் துரியோதனனை அல்ல, கூத்தில் வரும் துரியோதனனை. மரம் ஒருவருக்கு, மண் இன்னொருவருக்கு. ஆனால் உருவங்களின் இலக்கணம் இருவருக்கும் ஒன்று. இயக்குநர் இல்லாமலேயே வேலை பொருந்துவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

இரவெல்லாம் ஆடிய பீமனும் துரியோதனனும் கட்டை அவிழ்க்காமல் அப்படியே படுகளத்துக்கு ஓடி வருவார்கள். பம்பை முழங்கும். உருவத்தைச் சுற்றியும் அதன் மேல் ஏறியும் சண்டை நடக்கும். தொடைப் பகுதியில் குயவர் சிவப்பு நீரை முன்பே புதைத்து வைத்திருப்பார். பீமனின் கதாயுதம் அந்த இடத்தில் இறங்கும்போது சிவப்பு பீறிடும். திரௌபதியின் விரித்த கூந்தல் அங்கேதான் முடியப்படுகிறது. துரியோதனன் மனைவி வேடம் முறமும் துடைப்பமுமாக வந்து ஒப்பாரி வைக்கும்போது, சற்று முன்வரை அவன் சாவுக்காகக் காத்திருந்த கூட்டமே கண் கலங்கும். அன்று மாலை தீமிதி. களத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் வீட்டில் வைப்பவர்களும் உண்டு.

இதே இலக்கணம் இன்னும் பெரிதாகத் தெரிவது உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில். அர்ச்சுனன் மகன் அரவான் தன்னைக் களப்பலி கொடுத்த கதை வியாசரிடம் இல்லை. தமிழில் அது 9ஆம் நூற்றாண்டுப் பாரத வெண்பாவிலேயே வந்துவிட்டது. சாகை வார்த்தலோடு தொடங்கிப் 18 நாள் நடக்கும், அரவானையே கூத்தாண்டவராக வழிபடும் சித்திரைத் திருவிழா, திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்ளும் இரவுக்காக நாடெங்கும் அறியப்பட்டது. மறுநாள் தேரில் நிற்கும் அரவானின் உடல் எப்படி உருவாகிறது என்பதை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. தலை மரத்தால் ஆனது. உடலை வைக்கோல் பிரியால் சுற்றி எழுப்புகிறார்கள். புஜம், மார்புப் பதக்கம், குடை முதலிய உறுப்புகளும் அணிகளும் கீரிமேடு, நத்தம், தொட்டி போன்ற அண்டை ஊர்களிலிருந்து வந்து சேர்கின்றன. ஓர் ஊர் வராவிட்டால் அரவானுக்கு ஓர் அங்கம் குறையும். களப்பலி முடிந்ததும் அந்த உடல் களையப்படுகிறது, திருநங்கைகள் தாலியறுத்து வெள்ளை உடுத்துகிறார்கள்.

இந்தக் கூட்டுறவில் எல்லாருக்கும் சமமான பெயர் கிடைப்பதில்லை. விழா நோட்டீசில் பிரசங்கியின் பெயரும் நாடக சபையின் பெயரும் பெரிதாக அச்சாகின்றன, மண்ணுருவம் செய்தவர் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. அது மாற வேண்டும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிலை செதுக்குபவருக்கு அது பெருமை. கூத்துக் கட்டை செதுக்குபவரின் தொழிலோ இன்றும் ஜமாக்கள் தரும் வேலையை நம்பியே நிற்கிறது.

அந்த ஜமாக்களும் மாறிவருகின்றன. முகவீணை வாசிப்பவர்கள் குறைந்துவிட்டதால் பல ஜமாக்களில் சுருதியை ஆர்மோனியமே சுமக்கிறது. முன்பு உச்சஸ்தாயியில் குரலையும் முகவீணையையும் பிரித்தறிய முடியாது. இன்று மைக் வந்து குரலைக் கீழே இறக்கிவிட்டது. ஆண்களே பெண் வேடம் கட்டி வந்த மரபிலும் உடைப்பு ஏற்பட்டிருக்கிறது. 1990இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பின்னர் நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடப் பயின்றார்கள்.