ஐந்தூசிப் பைன்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவில், அகன்ற தொட்டி ஒன்றில் ஒரு வெள்ளைப் பைன் மரம் நிற்கிறது. 1625ஆம் ஆண்டு முதல் மனிதர் கைகளால் பேணப்பட்டு வரும் மரம் அது. அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி, 1976ஆம் ஆண்டில் ஜப்பான் வழங்கிய 53 போன்சாய் மரங்களுள் ஒன்றாக அங்குச் சென்றது. அதனை அளித்தவர் ஹிரோஷிமாவைச் சேர்ந்த மசாரு யமாகி என்னும் போன்சாய் வல்லுநர். 2001ஆம் ஆண்டில் அவருடைய பேரன்மார் மரத்தைக் காண வந்தபோதுதான் அதன் முழு வரலாறும் பூங்காவினர்க்குத் தெரிந்தது. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் அணுகுண்டு வீசப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் யமாகி குடும்பத்தாரின் தோட்டம் இருந்தது. மதிற்சுவரின் மறைவில் இருந்தமையால் மரம் பிழைத்தது.

இத்துணைக் காலம் ஒரு மரம் தொட்டியில் வாழ்வது எவ்வாறு? ‘போன்’ என்றால் தட்டு. ‘சாய்’ என்றால் நடுதல். சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்த கலை இது. போன்சாய் என்பது இயற்கையிலேயே குட்டையான ஒரு மரவகை அன்று. காட்டில் இருபது மீட்டர் வரை உயரக்கூடிய மரமே, வேரும் கிளையும் அளவறிந்து கத்தரிக்கப்படுவதால் தொட்டிக்குள் அடங்கி வளர்கிறது. இது மரத்தைத் துன்புறுத்துவது ஆகாதா என்று வகுப்பில் ஒவ்வோராண்டும் யாரேனும் ஒருவர் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆனால் பட்டினி போடப்பட்ட மரம் நானூறு ஆண்டுகள் வாழாது. நீரும் உரமும் வெயிலும் குறைவின்றிப் பெறும் மரமே தொட்டியில் நிலைக்கிறது.

ஜப்பானியர் இம்மரத்தைக் ‘கோயோமட்சு’ என்பர். ஐந்து ஊசியிலைப் பைன் என்பது அதன் பொருள். ஒவ்வொரு கொத்திலும் ஐந்து ஊசியிலைகள் இருக்கும். இலையின் உட்புறத்தில் ஓடும் வெண்ணிறக் கோடுகளால் மரம் முழுவதும் நீலங்கலந்த வெள்ளொளி பெறுகிறது. கறுப்புப் பைனுக்குக் கொத்துக்கு இரண்டு ஊசிகளே; அவை நீண்டும் விறைத்தும் கையைக் குத்தும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது முதற்பாடம். பராமரிப்பில் நேரும் பிழைகள் பலவும் கறுப்புப் பைனுக்குச் செய்வதை வெள்ளைப் பைனுக்கும் செய்வதால் விளைபவையே.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நம் கண் இயல்பாகக் கிளைகளின் அழகுக்கே செல்லும். அதை அடக்கிக்கொண்டு அடியிலிருந்து பார்த்தல் வேண்டும். வேர்கள் நாற்புறமும் பரவி மண்ணைப் பற்றியிருக்கின்றனவா? அடிமரம் பருத்து மேலே செல்லச் செல்லச் சிறுத்துள்ளதா? கிளையைப் பின்னர்த் திருத்தலாம். அடியைத் திருத்துவது அரிது. வெள்ளைப் பைனைப் பெரும்பாலும் கறுப்புப் பைனின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டியே வளர்க்கின்றனர். கறுப்புப் பைனின் வேர் வலிமை மிக்கது. ஆயினும் கறுப்புப் பைனின் பட்டை கரடுமுரடாக வெடிக்கும். வெள்ளைப் பைனின் பட்டையோ நெடுங்காலம் வழவழப்பாக இருக்கும். ஒட்டு உயரத்தில் அமைந்துவிட்டால், இரு வேறு மரங்களைப் பொருத்தியது போன்ற தோற்றம் ஆண்டுகள் கடந்தும் மறையாது. எனவே ஒட்டு வேரை ஒட்டித் தாழ்வாக அமைந்த மரமே வாங்கத் தக்கது.

மற்றொன்று மிக இன்றியமையாதது. பைன் மரம் பட்ட பின்னரும் சில வாரங்கள் பசுமையாகவே தோன்றும். பசுமையை மட்டும் நம்பி வாங்குவோர் உயிரற்ற மரத்தை வீட்டுக்குக் கொண்டுவர நேரிடலாம். கிளை நுனியில் உள்ள மொட்டுகளைப் பாருங்கள்; அவை பருத்து உறுதியாக இருத்தல் வேண்டும். ஊசிகளை மெல்ல நீவினால் அவை உதிரக்கூடாது. இலையுதிர் காலத்தில் உட்புறத்துப் பழைய ஊசிகள் மட்டும் மஞ்சளாகி விழுவது இயல்பு, அதற்கு அஞ்சவேண்டியதில்லை. நுனி ஊசிகள் மஞ்சளானால் வேரில் குறை உண்டு.

வெள்ளைப் பைன் மலைமரம். வெயிலும் காற்றும் குளிரும் அதன் உறைவிடத்து இயல்புகள். வரவேற்பறை மேசையில் வைத்தால் அது மெல்ல மெல்ல மடியும். குளிர்காலத்து ஓய்வும் அதற்கு வேண்டும். ஓய்வின்றி ஆண்டு முழுதும் வெப்பத்தில் நின்றால் வலிமை குன்றும். ஆதலால் நம் நாட்டுச் சமவெளி நகரங்களில் இதை வளர்க்க முயல்வது வீண்செலவு என்பதே என் கருத்து. அங்கு வாழ்வோர்க்கு ஆல், இச்சி முதலிய அத்தி இன மரங்கள் பொருந்தும். குளிர்ந்த மலைநகரங்களில் வாழ்வோர் வெள்ளைப் பைனை முயன்று பார்க்கலாம்.

நீர் ஊற்றுவதில் கடிகாரத்தை நம்பலாகாது. விரலை மண்ணில் நுழைத்து, மேல்மண் உலரத் தொடங்கியதை அறிந்த பின்னரே ஊற்றுதல் வேண்டும். ஊற்றும்போது தொட்டியின் அடித்துளை வழியே நீர் வடியும்வரை ஊற்றுதல் வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். இதற்காகவே ஜப்பானியர் தோட்டமண்ணை விடுத்து, ‘அகடமா’ என்னும் மணிமணியான எரிமலை மண்ணையும் நுரைக்கல்லையும் பயன்படுத்துகின்றனர். நம் நாட்டில் சலித்தெடுத்த செங்கற்சல்லி அப்பணியைச் செய்கிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, இளவேனில் தொடக்கத்தில் மொட்டு விரியுமுன் தொட்டி மாற்றலாம். அப்போது வேர்களிடையே வெண்ணிற நூல்போன்ற பூஞ்சை காணப்படும். அதை நோயென்று எண்ணிக் கழுவிவிடாதீர்கள். மண்ணிலுள்ள நீரையும் சத்தையும் வேருக்கு ஈட்டித் தருவது அதுவே. பழைய மண்ணில் ஒரு பகுதியை அப்பூஞ்சையோடு விட்டுவைப்பர்.

இளவேனிலில் கிளை நுனிதோறும் மெழுகுவத்தி போன்ற தளிர்கள் நிமிர்ந்தெழும். கறுப்புப் பைனில் இவற்றைக் கோடைத் தொடக்கத்தில் முழுதும் வெட்டிவிடுவர். அது அவ்வாண்டே மீண்டும் தளிர்க்கும். வெள்ளைப் பைன் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறையே தளிர்ப்பது. முழுதும் வெட்டினால் அதன் வலிமை வீணாகும். நீண்ட தளிர்களின் நுனியை மட்டும் விரலால் கிள்ளுதல் போதும். நலிந்த கிளைகளைத் தொடாமல் விடுவது நன்று. முதிர்ந்த மரத்துக்கு உரத்தை இளவேனிலில் குறைத்து, இலையுதிர் காலத்தில் மிகுத்து இடுவர். அதனால் ஊசிகள் குறுகி அமையும். அங்குக் கடுகினத்துப் புண்ணாக்கே உரம். நம் கடைகளில் கிடைக்கும் கடுகுப் புண்ணாக்கும் ஏற்றதே.

இமாசலப் பிரதேசத்தில் பயிலும் மாணவர்கள் ஐந்தூசிப் பைனைக் காணத் தொலைவு செல்லவேண்டியதில்லை. அங்குக் ‘கயில்’ எனப்படும் நீலப் பைனுக்கும் கொத்துக்கு ஐந்து ஊசிகளே. நீளம் மிகுதி, அவை தொங்கித் தாழும். அதனினும் தாழ்ந்த சரிவுகளில் வளரும் ‘சீர்’ பைனுக்கு மூன்று. கீழே உதிர்ந்து கிடக்கும் கொத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். கன்றைப் பிடுங்கி வராதீர்கள். காப்புக்காடுகளில் இசைவின்றிச் செடி எடுப்பது சட்டப்படி குற்றம்.

பயிற்சி

1. ஒட்டு தாழ்வாக அமைந்த மரத்தையே வாங்கவேண்டும் என்பது ஏன்?
2. வெள்ளைப் பைன், கறுப்புப் பைன் ஆகியவற்றின் தளிர்களைப் பேணும் முறை எவ்வாறு வேறுபடுகிறது?
3. நீங்கள் வாழும் ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்ற தொட்டிமரம் எது? காரணத்தோடு ஒரு பத்தி எழுதுக.