குப்பையை அள்ளினா மட்டும் போதுமா? மூட்டை எங்கே போகும்?

புதுச்சத்திரம்: ஏரிக்கரை, பஸ் ஸ்டாப்பில் குப்பை அள்ளக் கிளம்பும் என்.எஸ்.எஸ். மாணவ, மாணவிகள் கவனத்துக்கு! 1969 செப்டம்பர் 24ல் தொடங்கிய இத்திட்டத்தில் 7 நாள் சிறப்பு முகாம் உண்டு. அள்ளுறது அரைநாள் வேலைதான். சிக்கலே அதுக்கப்புறம்தான்.

மூட்டை கட்டி ரோட்டோரமா வெச்சா ராத்திரி நாய் கிழிச்சிடும். இல்லேன்னா யாராவது தீ வெச்சிடுவாங்க. அந்தப் புகை குப்பையை விட மோசம். அதனால் தேதி குறிக்கும் முன்பே ஊராட்சி செயலரைப் பார்த்து, வண்டி எத்தனை மணிக்கு வரும் என உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கையுறை கட்டாயம். உடைந்த பாட்டில், ஊசியை பெரியவர்கள்தான் எடுக்கணும். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட கேரி பேக்குகளுக்கு தனி சாக்கு. ஆடு, மாடு தின்னா வயித்துலயே தங்கிடும்.

மறுநாள் காலையில் ஒருத்தர் போய், மூட்டை கிளம்பிடுச்சான்னு பார்த்துட்டு வரணும்.