மீன் நீந்தும் வயலும் மேல்மடைத் தண்ணீரும்

அருணாசலப் பிரதேசத்தில் ஜிரோ என்று ஒரு பள்ளத்தாக்கு. குவஹாத்தியில் இரவு ரயில் ஏறினால் காலையில் நஹர்லகுன். அங்கிருந்து ஷேர் சுமோவில் சுமார் 100 கிலோமீட்டர் மலைப்பாதை, இடுப்பு கழன்றுவிடும். மாநிலத்துக்குள் நுழையவே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். உயரம் ஏறக்குறைய நம்ம ஏற்காடுதான். ஆனால் மலைக்கு நடுவில் தட்டையாக, கண்ணுக்கு எட்டின வரை நெல்.

இது அபதானி என்ற பழங்குடி மக்களின் ஊர். நான் போனது ஆடி மாதம், பயிர் முழங்கால் உயரம். ஒரே வயலில் மூன்று விளைச்சல் எடுக்கிறார்கள்: தண்ணீரில் நெல், நெல்லுக்கு இடையில் சாதாக் கெண்டை மீன், வரப்பின் மேல் கேழ்வரகு. நம்ம ஊரில் வரப்பை வருஷா வருஷம் செதுக்கி ஒல்லியாக்குகிறோமே, அங்கே அதுவும் விளைநிலம்தான்.

வயலுக்குள்ளேயே பள்ளமாக வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். களையெடுக்கத் தண்ணீரை வடித்தால் மீன்கள் அந்தப் பள்ளத்தில் ஒதுங்கிக்கொள்ளும். மடைக்கு மூங்கில் குழாய், மீன் தப்பாமலிருக்க அதன் வாயில் மூங்கில் தடுப்பு. மீன் பூச்சியையும் களையையும் தின்னும், அதன் கழிவு பயிருக்கு உரம். போதாததற்கு உமி, சாம்பல், கோழி எரு, பன்றி எரு. காலங்காலமாக ஏரும் மாடும் இல்லாமல் மண்வெட்டியாலேயே செய்த விவசாயம் இது. 2014-லேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டது.

பயிர்க்கடன் கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். நெல், மீன், கேழ்வரகு மூன்றையும் ஒரே சர்வே நம்பரில் எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இருந்ததில்லை!

தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம், “பூச்சிக்கு என்ன அடிப்பீங்க?” என்று கேட்டேன். மகன் இந்தியில் மொழிபெயர்த்தார்.

“அடிச்சா மீன் செத்துடுமே. அப்புறம் எதைத் தின்கிறது?”

இயற்கை விவசாயம் பற்றி நான் கேட்ட எத்தனையோ கூட்டப் பேச்சுகளைவிட இது தெளிவாக இருந்தது.

கஷ்டமும் இருக்கிறது. நடவு, களை எல்லாம் பெண்கள் தலையில்தான். நம்ம மாத்தாள் முறை மாதிரி கூட்டமாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் முடித்துக் கொடுக்கிறார்கள். அந்த மகனுக்கு ஹபோலி டவுனில் ஆபீஸ் வேலை. லீவு நாளில் மட்டும் வயலில் இறங்குகிறார். அம்மாவுக்குப் பிறகு யார் என்று கேட்டதற்குச் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

மீன் விடுவது பெரிய வித்தையே இல்லை, குஞ்சு நம்ம ஊரிலும் கிடைக்கும். அங்கே மலைக்காட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போகிறது. மேலே இருப்பவர் விஷம் ஊற்றினால் கீழே இருப்பவர் மீன் மிதக்கும். மேலே உள்ளவர் வயலிலும் மீன் இருப்பதால் அவரும் ஊற்றுவதில்லை. கட்டுப்பாடே அதுதான்.

என் வயல் வாய்க்காலின் கடைசி. எனக்கு மேலே ஏழு பேர். நான் எத்தனை பஞ்சகவ்யா விட்டாலும், அவர்கள் வயலில் தெளித்தது வடிந்து என் மடைக்குத்தான் வரும். திரும்பி வந்ததும் ஏழு பேரிடமும் உட்கார்ந்து பேசினேன். மூன்று பேர் இந்தச் சம்பாவுக்குக் களைக்கொல்லி வேண்டாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மூன்று பேர் யோசிக்கிறார்கள். என் வயலுக்கு நேர் மேலே இருப்பவர் மட்டும், “மீன் பிடிச்சா எனக்கும் பங்கு உண்டா சார்?” என்று கேட்டார். பாதி தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.