குட்டி எங்கிருந்து வருகிறது?

இணையத்தில் படம் பார்த்தேன். இரவு ஒன்பது மணிக்கு ஒரு கார் நிறுத்துமிடத்தில் 200 வெள்ளியை ரொக்கமாகக் கொடுத்தேன். "மூன்று மாதக் குட்டி" என்றார் விற்றவர். நான்காம் நாள் வயிற்றுப்போக்கு. பல்லைப் பார்த்த கால்நடை மருத்துவர், "ஐந்து வாரம்தான் இருக்கும்" என்றார். ஆறாம் நாள் குட்டி இல்லை. விற்றவரின் கைப்பேசியும் அடைந்துவிட்டது. வானொலியில் மணிக்கணக்கில் பேசும் எனக்கு, மகளிடம் அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை.

சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் தேவை. ஆசைப்படும் குடும்பங்கள் கூடியிருக்கின்றன. அவசரப்படுத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். எல்லை தாண்டிக் கடத்திவரப்படும் குட்டிகளுக்குத் தடுப்பூசி போட்டிருப்பார்கள் என்ற நிச்சயமே இல்லை.

நான் கேட்காமல் விட்ட கேள்விகளை நீங்கள் கேளுங்கள். கடை என்றால், உரிமம் இருக்கிறதா? வளர்ப்பவர் என்றால், தாய்ப்பூனையைப் பார்க்கலாமா? குட்டிக்கு எட்டு வாரமாவது ஆகிவிட்டதா? தடுப்பூசி அட்டை எங்கே? பதில் மழுப்பலாக வந்தால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்த முறை தத்தெடுத்தோம். தெருப்பூனைகளை மீட்டுப் பராமரிக்கும் அக்கா ஒருவர் வீட்டுக்கே வந்தார். சன்னல் வலையை இழுத்துப் பார்த்தார். என் வேலை நேரத்தைக் கேட்டார். வெளியூர் போனால் யார் சோறு வைப்பார்கள் என்றார். முதலில் எனக்கு எரிச்சல்தான். பிறகுதான் புரிந்தது: கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.