நனையாத அட்டை

தண்ணீர் இல்லாமல் காகிதம் பிறக்காது. தண்ணீர் பட்டால் பிழைக்காது. மரக்கூழைத் தண்ணீரில் கரைத்து, சல்லடையில் பரப்பி, வடித்து உலர்த்தும்போது செல்லுலோஸ் நார்கள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அதுதான் காகிதத்தின் வலு. மறுபடி ஈரம் புகுந்தால், அந்தப் பிணைப்புகளுக்கு நடுவே நீர் மூலக்கூறுகள் நுழைந்து பிடியைத் தளர்த்திவிடுகின்றன.

இதற்கு மழைகூட வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏறினாலே போதும். அட்டைப்பெட்டி தாங்கும் சுமை ஏறத்தாழ பாதியாகிவிடும். குளிர்பதனக் கிடங்கில் அடுக்கி வைத்த பெட்டிகளில் அடியில் இருப்பது நசுங்குவது பெரும்பாலும் இதனால்தான். தூத்துக்குடியிலிருந்து கப்பலேறும் இறால் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் உறைந்திருக்கிறது. அந்தப் பெட்டி கடற்கரைக் காற்றில் சற்று நேரம் நின்றாலே மேலெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட சரக்குகளுக்காக உருவானதுதான் பிளாஸ்டிக் பூசிய நெளி அட்டை.

நெளி அட்டை முதலில் பெட்டிக்காக வந்ததல்ல. 1856இல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இருவர் உயரத் தொப்பிகளின் உட்பட்டைக்காக மடிப்புக் காகிதத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1871இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ், கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றி வைக்க அதைப் பயன்படுத்தினார். நெளிவின்மேல் தட்டைக் காகிதத்தை ஒட்டி, மடிப்பு விரியாமல் நிற்கச் செய்தவர் ஆலிவர் லாங், ஆண்டு 1874. தட்டையாக இருந்தால் வளைந்துவிடும் தகரம் நெளிந்தால் கூரையைத் தாங்குகிறதல்லவா, காகிதத்துக்கும் அதே கணக்குத்தான்.

இன்றைய ஆலையில் கிராஃப்ட் காகிதச் சுருள் ஒன்று நீராவியில் இளகி, பல் வெட்டிய இரண்டு உருளைகளுக்கு நடுவே புகுந்து நெளிவாக வெளிவருகிறது. இதை ஃப்ளூட் என்கிறார்கள். அதன் முகடுகளில் மட்டும் ஸ்டார்ச் பசை தடவி, லைனர் எனப்படும் தட்டைக் காகிதத்தோடு அழுத்துகிறார்கள். பிறகு மறுபக்க லைனரையும் சேர்த்து, நீராவியால் சூடேற்றிய இரும்புத் தகடுகளின்மேல் ஓடவிடுகிறார்கள். இப்படி 3 ப்ளை, அதாவது மூன்று அடுக்கு, அட்டை உருவாகிறது. நெளிவுகளைக் கூட்டினால் 5 ப்ளை, 7 ப்ளை. பசைக்கான ஸ்டார்ச் மக்காச்சோளத்திலிருந்தும் வரும்; சேலம் வட்டாரத்து மரவள்ளியிலிருந்தும் வரும்.

இந்தப் பசை வேலை செய்யும் விதம் சுவையானது. அதில் பெரும்பகுதி வேகாத மாவு. தடவும்போது நீர்த்தே இருக்கும். காகிதங்கள் ஒட்டிய பிறகு 60 டிகிரிக்கு மேல் சூடு ஏறியதும், மாவு மணிகள் சுற்றியுள்ள நீரைக் குடித்து, அங்கேயே வெந்து கெட்டியாகின்றன. மிஞ்சிய நீர் காகிதத்தின் நுண்துளைகள் வழியாக ஆவியாகிப் போகிறது. ஆக, நெளி அட்டைக்குச் சூடும் வேண்டும், நீர் வெளியேற வழியும் வேண்டும்.

பிளாஸ்டிக் இந்த இரண்டுக்குமே குறுக்கே நிற்கிறது. பூச்சுக்குப் பெரும்பாலும் பயன்படும் குறை அடர்த்திப் பாலிஎத்திலீன் சுமார் 110 டிகிரியிலேயே உருகிவிடும். சூட்டுத் தகடுகளோ 170 டிகிரியைத் தாண்டி நிற்பவை. பூசிய பக்கம் அதில் பட்டால் உருகி இழுபடும். படாமல் தப்பினாலும், பசையின் ஈரம் அந்தப் பக்கமாக வெளியேற முடியாது. சிக்கிய ஈரம் ஒட்டுதலைக் கெடுக்கும். ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் காயாததால் அட்டை வளைந்துகொள்ளும்.

இதைச் சமாளிக்கப் பல வழிகள் உண்டு. எந்திரத்தின் வேகத்தையும் சூட்டையும் அளந்து குறைத்து, பசையில் நீரைச் சுருக்கி ஓட்டுவது ஒன்று. சூட்டைச் சற்றுக் குறைத்து, 160 டிகிரி வரை தாங்கும் பாலிபுரோப்பிலீனுக்கு மாறுவது இன்னொன்று. இரண்டு காகிதங்களுக்கு நடுவே பிளாஸ்டிக்கை வைத்து அந்தக் கூட்டையே லைனராகப் பயன்படுத்துவது மூன்றாவது. பசையும் தகடும் காகிதத்தை மட்டுமே தொடும், அச்சும் நன்றாகப் பிடிக்கும். அட்டை முழுவதும் உருவாகிக் காய்ந்த பிறகு மேலே பூசுவதும் உண்டு.

லைனரில் பூசும் வேலை பெரும்பாலும் தனி எந்திரத்தில் நடக்கும். பிளாஸ்டிக் மணிகள் திருகு உருளைக்குள் உருகி, 300 டிகிரியை ஒட்டிய சூட்டில், நீண்ட மெல்லிய பிளவு வழியே திரைபோல விழுகின்றன. ஓடும் காகிதமும் அந்தத் திரையும், உள்ளே குளிர்நீர் ஓடும் பளபளப்பான உருளையில் ஒன்றாக அழுந்துகின்றன. அவ்வளவு சூடு எதற்கு? வெறும் பாலிஎத்திலீன் எதோடும் எளிதில் ஒட்டாது. கீழே விழும் கணத்தில் அதன் மேற்பரப்பு காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சற்று வினைபுரிந்தால்தான் காகித நாரைப் பற்றும். தங்கும் பூச்சின் கனம் பொதுவாக 20 மைக்ரான் அளவு.

ஆனால் பூச்சு மட்டும் பெட்டியைக் காப்பாற்றாது. தாளை வெட்டியதும் ஓரங்களில் காகிதம் வெறுமையாகத் தெரியும். தண்ணீர் அதன் வழியே உறிஞ்சப்பட்டு நெளிவுக்குள் ஏறும். அதனால் காகிதக் கூழிலேயே ஈரத்தில் வலு தரும் பிசினைக் கலக்கிறார்கள். ஸ்டார்ச் பசையிலும் நீர் தாங்கும் ரெசினைச் சேர்க்கிறார்கள். இல்லாவிட்டால் மேற்பூச்சு முழுசாக இருக்க, உள்ளே ப்ளை மட்டும் பிரிந்துவிடும். பூசிய பரப்பில் சாதாரண வெள்ளைப் பசை நிற்காது என்பதால், பெட்டியின் இணைப்புக்குச் சூட்டில் உருகும் பசையோ பின்னோ வேண்டும். மீன் சரக்கென்றால், துருப்பிடிக்காத முலாம் பூசிய பின்னாக இருக்க வேண்டும்.

மேற்பரப்பு எவ்வளவு நீரை இழுக்கிறது என்பதை அறிய 'காப்' சோதனை இருக்கிறது. 100 சதுர செ.மீ. பரப்புள்ள வளையத்தை அட்டைமேல் இறுக்கி, 100 மி.லி. நீர் ஊற்றி, குறித்த நேரம் கழித்துக் கொட்டி, எடை எவ்வளவு கூடியது என்று பார்ப்பார்கள். வாங்குபவர் இதோடு நின்றுவிடக் கூடாது. பெட்டி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதையும் ஈரக் காற்றில் வைத்துச் சோதிக்கக் கேட்க வேண்டும். பரப்பு நனையாததாலேயே பெட்டி தளராது என்று சொல்ல முடியாது.

பிளாஸ்டிக்குக்குப் பதிலாக அட்டைக்கு மெழுகு பூசும் வழக்கமும் உண்டு. மெழுகு காகிதத்துக்குள் ஊறிவிடுவதால் அந்த அட்டையை மறுபடி கூழாக்குவது பெரும்பாடு. பிளாஸ்டிக் படலத்தைக் கூழ்த்தொட்டியில் பிரித்து வடிகட்ட முடியும். ஆனால் அதற்கான வசதி எல்லா ஆலைகளிலும் இல்லை. நீரில் கலந்து பூசும் தடுப்புப் பூச்சுகள் இப்போது மாற்றாக வந்துகொண்டிருக்கின்றன.

ஈரமே படாத சரக்குக்கு இந்த அட்டை வீண் செலவு; இறாலுக்கும் பனிக்கட்டியில் போகும் காய்கறிக்கும் அவசியம். உங்கள் கைக்கு வரும் பெட்டி பளபளத்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடும்முன் ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். கிழியாமல் மெல்லிய படலம் இழுபட்டால், அதை மற்ற அட்டையோடு கலக்காமல் தனியே கொடுங்கள்.