மேசைக்கு முன்னே வயர்

நமுனுகுல மலைச்சரிவில் ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்கள் தேயிலை ஸ்டோர் கட்டிய காலத்தில், ரோலர் எங்கே நிற்பது, ட்ரையர் எங்கே நிற்பது என்பதை ஒரு நீண்ட இரும்புத் தண்டுதான் தீர்மானித்தது. அக்காலத்து மலையக ஸ்டோர்களின் பொதுவான அமைப்பு அது. நீர்ச்சக்கரமோ டர்பைனோ, நீராவி எஞ்சினோ எண்ணெய் எஞ்சினோ ஓரிடத்தில் நின்று அந்தத் தண்டைச் சுழற்றும். தண்டிலிருந்து இறங்கும் பெல்ட்டுகள் இயந்திரங்களை ஓட்டும். ஒரு ரோலரைப் பத்தடி தள்ளிவைக்க வேண்டுமானால் கப்பியும் பெல்ட்டும் கூடவே நகரவேண்டும். இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்ற நிலை வந்த பிறகுதான் ஸ்டோரின் தரை விடுதலை பெற்றது. இன்றைய அலுவலகத்துக்கும் இதே விதிதான். ஓர் இடம் எவ்வளவு எளிதாக மாறும் என்பது அங்குள்ள மேசை நாற்காலியைவிட, அந்த மேசைக்கு மின்சாரம் வரும் வழியைப் பொறுத்திருக்கிறது.

இந்த விதியை உலகம் மெதுவாகவே கற்றது. நியூயோர்க்கில் எடிசனின் மின்நிலையம் 1882இல் இயங்கத் தொடங்கியது. ஆனாலும் 1900இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயந்திர ஓட்டத்தில் மின்மோட்டாரின் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு என்று பொருளியல் வரலாற்றாசிரியர் போல் டேவிட் 1990இல் எழுதினார். பலர் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை மாட்டிப் பழைய தண்டையே சுழற்றிக்கொண்டிருந்தார்கள். வேலையின் ஒழுங்குக்கேற்ப இயந்திரங்களை வரிசைப்படுத்திய பிறகே, 1920களில் உற்பத்தித்திறன் பாய்ந்து உயர்ந்தது. மின்சாரம் வந்ததால் மட்டும் பயன் வந்துவிடவில்லை. அது பிரிந்துபோகும் வழியும் மாறவேண்டியிருந்தது.

அலுவலகமும் இதே தாமதத்தைச் சந்தித்தது. விரும்பியபடி கழற்றி மாட்டக்கூடிய தடுப்புகளை ரொபர்ட் புரோப்ஸ்ட் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக 1968இல் உருவாக்கினார். தடுப்பு நகர்ந்தது, பிளக் பொயின்ட் சுவரிலேயே நின்றது. பின்னர் தடுப்புகளின் அடியிலேயே வயர் ஓட்டவேண்டியதாயிற்று. லண்டனில் 1986இல் திறக்கப்பட்ட லொயிட்ஸ் கட்டடம் போன்றவை நடக்கும் தரைக்குக் கீழே இன்னொரு வெற்றிடம் விட்டு, கேபிள்களை அதற்குள் ஓட்டின. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டுவர்ட் பிராண்ட் 1994இல் எழுதிய நூலில், கட்டடத்தின் எலும்புக்கூடு 30 முதல் 300 ஆண்டுகள் நிற்கும், வயரும் குழாயும் 7 முதல் 15 ஆண்டுகளில் பழசாகும், வணிகக் கட்டடத்தின் உட்பிரிப்போ மூன்று ஆண்டுகளிலேயே மாறிவிடும் என்று கணக்கிட்டார். சீக்கிரம் மாறுவதை நெடுநாள் நிற்பதற்குள் புதைத்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுவரை உடைக்கவேண்டிவரும்.

மலையகத்தில் பழைய கட்டடங்களை மாற்றிப் பயன்படுத்துவது புதிதல்ல. கந்தப்பளையின் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. தோட்ட ஆபீஸ்களில் செக்றோல் புத்தகம் இருந்த இடத்துக்குக் கணினி வந்திருக்கிறது. பதுளை நகரில் கடையாக இருந்த மாடி கணினி வகுப்பாகிறது, வகுப்பு கணக்காளர் அலுவலகமாகிறது. இப்படி மாறும் அறைகளில் வயரிங்கின் குறையை மறைப்பது எக்ஸ்டென்ஷன் கோட். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் ஒரு 13 அம்பியர் பிளக் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட். பத்து லெப்டொப்கள் சேர்ந்தாலும் 650 வாட் அளவில் நின்றுவிடும். ஆனால் குளிர்க்காலையில் அதே கோட்டில் 2,000 வாட் கேத்தலும் போட்டோக்கொப்பி இயந்திரமும் ஏறினால் அளவு மீறும். கோட்டைச் சுருட்டி வைத்தாலோ கம்பளத்துக்கு அடியில் ஓட்டினாலோ சூடு வெளியேற வழியிருக்காது. அப்படியானால் குற்றம் கேத்தல் மீதல்ல, கேத்தலுக்கென்று ஒரு தனி இணைப்பைக் கொடுக்காத திட்டத்தின் மீது.

இனி வயரே வேண்டாம், வைஃபையும் பட்டரியும் போதும் என்பார்கள் சிலர். அதில் பாதி உண்மை இருக்கிறது: கையில் உள்ள கருவி வயரிலிருந்து விடுபட்டுவிட்டது. ஆனால் அந்த வைஃபையைப் பரப்பும் கருவிக்குக் கேபிள் வேண்டும். 2003இல் வந்த தரத்தின்படி ஒரே நெட்வேர்க் கேபிளில் தகவலோடு 15.4 வாட் மின்சாரமும் அனுப்பலாம். 2018 தரத்தில் அது 90 வாட் வரை உயர்ந்தது. வயர் மேசையை விட்டுக் கூரைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். தோட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண நெட்வேர்க் கேபிளுக்கு 100 மீற்றர்தான் எல்லை. ஆபீஸும் ஸ்டோரும் பெரும்பாலும் அதைவிடத் தூரத்தில் இருக்கும். இடையே செம்புக் கம்பி ஓடினால் இடிமின்னலின் தாக்கம் அதன் வழியே இரு பக்கக் கருவிகளையும் எட்டக்கூடும். ஒளியிழைக் கேபிள் இந்த இரண்டு கவலைகளையும் தீர்க்கும். நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்ட 2022ஆம் ஆண்டு இன்னொரு பாடத்தையும் தந்தது. கணினி, ரவுட்டர், சில விளக்குகள் ஆகியவற்றுக்குத் தனி வயரிங் இருந்தால்தான் சிறிய இன்வேர்ட்டரால் அவற்றைத் தாங்கமுடியும். எல்லாம் ஒரே இணைப்பில் கலந்திருந்தால் கேத்தலும் சேர்ந்து பட்டரியைக் குடித்துவிடும்.

லொயிட்ஸ் கட்டடத்தைப் போல் அடியில் வெற்றிடம் விட்ட தரைக்குப் பதுளையில் காசு எங்கே என்ற கேள்விதான் கனமானது. அந்தத் தரை இங்கே தேவையில்லை என்பதே பதில். சுவரோரம் திறந்து மூடக்கூடிய கேசிங், அதில் மின்வயருக்கு ஒரு பாதை, தகவல் கேபிளுக்கு வேறொரு பாதை, நாளைக்கென்று காலியாக விட்ட இடம், இழுப்பதற்கு ஒரு கம்பி போட்டுவைத்த வெற்றுக்குழாய், தேவைக்குமேல் இரண்டு மூன்று பிரேக்கர் இடம் விட்ட பலகை, ட்ரிப் சுவிட்ச், சரியான எர்த்: இவற்றில் ஆடம்பரம் எதுவுமில்லை. தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனால் செய்யக்கூடிய வேலை இது. பூச்சுக்கு முன் ஒரு வெற்றுக்குழாய் போடும் செலவு, பூசி முடித்த சுவரைக் கொத்தி மீண்டும் பூசும் செலவைவிட எப்போதும் குறைவு. எதிர்காலத்தை யாராலும் சரியாக ஊகிக்கமுடியாதே என்ற வாதமும் இதற்கே வலுச்சேர்க்கிறது; ஊகிக்க முடியாததால்தான் காலிக் குழாய் தேவைப்படுகிறது. ஆகவே வாடகைக்கு எடுத்தாலும் புதிதாகக் கட்டினாலும், தளபாடக் கடைக்குப் போவதற்கு முன் வயரிங் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். வரைபடமே இல்லையென்றால் முதல் செலவு அதற்கே போகட்டும்.