வேகமா, நிதானமா? கூடைப்பந்துப் பயிற்சியாளர் விளையாட்டில் டெம்போ கணக்கு

கணினியில் கூடைப்பந்துப் பயிற்சியாளராக ஆடும் விளையாட்டுகளில் பந்து நம் கைக்கே வராது. ஐவரைத் தேர்ந்தெடுக்கிறோம், தாக்குதல் முறையையும் தடுப்பு முறையையும் குறிக்கிறோம், மற்றதைக் கணினி ஆடிவிடுகிறது. இணையத்தில் ஆடப்படும் பஸ்ஸர்பீட்டர் இந்த வகை. அதில் 'ரன் அண்ட் கன்', 'புஷ் த பால்' என்று வேகமான முறைகள் உண்டு. 'பேஷன்ட்', 'பிரின்ஸ்டன்' போன்ற நிதானமானவையும் உண்டு. புதிதாக ஆட வருபவர் தடுமாறும் இடம் இதுதான். யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும்: "உன் அணி பலமானதா, வேகமாக ஆடு. பலவீனமானதா, மெதுவாக ஆடு." இது பொய்யில்லை. ஆனால் பலர் நம்பும் அளவுக்கு இதற்குப் பலனும் இல்லை.

முதலில் டெம்போ, அதாவது ஆட்டத்தின் வேகம், எதை மாற்றுகிறது என்று பார்ப்போம். ஒரு அணியின் கையில் பந்து வந்ததிலிருந்து அது எதிரணிக்குப் போகும் வரை ஒரு பொசஷன். கூடையில் விழுந்தாலும், தவறி எதிரணி பிடித்தாலும், வழியில் பறிபோனாலும் அதோடு அந்தப் பொசஷன் முடிந்தது, அடுத்தது எதிரணிக்கு. ஆகவே இரு அணிக்கும் கிடைக்கும் பொசஷன்கள் ஏறக்குறைய சமம். நாம் விரைந்து ஆடினால் நமக்கு மட்டும் கூடுதல் வாய்ப்பு வராது, எதிரணிக்கும் அதே அளவு கூடும். வேகம் என்பது ஆட்டத்தை நீட்டுவது, நிதானம் என்பது சுருக்குவது, அவ்வளவுதான்.

ஆட்டம் நீள நீள, திறமை தன் வேலையைக் காட்டும். சுருங்கச் சுருங்க, அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடும். எளிய அணி நிதானமாக ஆடவேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. எவ்வளவு கூடும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் அணி எதிரணியைவிட 100 பொசஷனுக்கு 8 புள்ளி பின்தங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொசஷனில் கிடைக்கும் புள்ளியின் ஏற்ற இறக்கத்தை, அதாவது திட்ட விலக்கத்தை, 1.1 என்று கொண்டால், 100 பொசஷன் ஆட்டத்தில் நீங்கள் வெல்லும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம். ஆட்டத்தை 80 பொசஷனாகச் சுருக்கினால் அது 32 சதவீதம் ஆகும். ஐந்தில் ஒரு பங்கு ஆட்டத்தையே வெட்டியும் கிடைத்தது இரண்டே சதவீதம்.

இப்போது மறுபக்கம். உங்கள் வீரர்களுக்கு நிதான ஆட்டம் ஒத்துவரவில்லை, அதனால் 100 பொசஷனுக்கு இன்னும் 5 புள்ளி இழக்கிறீர்கள் என்றால், அதே 80 பொசஷன் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு 23 சதவீதமாகச் சரிகிறது. இரண்டைப் பிடிக்கப்போய் ஏழைக் கூடுதலாக விட்டோம். டெம்போவைத் தேர்ந்தெடுக்கும்போது எதிரணியின் பலத்தைப் பார்ப்பதற்கு முன் நம் ஐவரைப் பார்க்கவேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

நிஜ ஆட்டங்களும் இதையே காட்டுகின்றன. நிதானத்துக்குப் பெயர்போன பிரின்ஸ்டன் முறை, பயிற்சியாளர் பீட் கரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்தது. 1996-இல் கல்லூரி அணிகளுக்கான என்சிஏஏ போட்டியின் முதல் சுற்றில் அந்தப் பல்கலைக்கழக அணி, முந்தைய ஆண்டின் சாம்பியன் யுசிஎல்ஏவை 43-41 என்று வீழ்த்தியது. பொழுதைப் போக்கியே வென்றார்கள் என்று அதைச் சொல்வது சரியல்ல. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் 41-34 என்று பின்தங்கியிருந்தவர்கள் பிரின்ஸ்டன்காரர்கள்தான். அதன்பிறகு யுசிஎல்ஏவுக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை. சமநிலைக்கு வந்தபின், மணி அடிக்கச் சில நொடிகளே இருக்கையில், உயரமான சென்டர் பந்தோடு நிற்க, கேப் லெவுல்லிஸ் தன்னை மறித்து நின்றவரின் முதுகுப்பக்கமாகக் கூடையை நோக்கி வெட்டி ஓடினார். பாஸ் வந்தது, கூடைக்கடியிலிருந்து லே-அப். அந்த இரண்டு புள்ளிதான் வெற்றி. நல்ல ஷாட் வரும்வரை காத்திருந்தார்கள், நல்ல ஷாட்டே வந்தது. பந்தைச் சரியாகக் கொடுக்கத் தெரிந்த ஐவர் இல்லாமல் இந்த முறை நடக்காது. கணினி விளையாட்டிலும் பாஸிங் குறைந்த அணியைக் காத்திருக்கச் சொன்னால் டர்ன்ஓவர்தான், அதாவது பந்தைப் பறிகொடுப்பதுதான், மிஞ்சும்.

வேகத்துக்கு இரண்டு சாட்சி. பால் வெஸ்ட்ஹெட் பயிற்சியில் லயோலா மேரிமவுன்ட் பல்கலைக்கழகம் 1989-90 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 122.4 புள்ளி குவித்தது. அதே வெஸ்ட்ஹெட் அதே பாணியைத் தொழில்முறை லீகான என்பிஏவின் டென்வர் நகெட்ஸுக்குக் கொண்டுபோனார். 1990-91 பருவத்தில் டென்வர் சராசரி 119.9 புள்ளி எடுத்தது, லீகிலேயே அதிகம். ஆனால் எதிரணிகளுக்குக் கொடுத்தது 130.8. முடிவில் 20 வெற்றி, 62 தோல்வி. மாறாக, ஸ்டீவ் நாஷ் வந்து சேர்ந்த 2004-05 பருவத்தில் ஃபீனிக்ஸ் சன்ஸ், பயிற்சியாளர் மைக் டி'அன்டோனியின் ஓட்ட ஆட்டத்தில் 62 ஆட்டங்களை வென்றது. முந்தைய பருவத்தில் அதே அணி வென்றது 29. டென்வர், ஃபீனிக்ஸ் இரண்டிலும் வேகம் உண்டு, அந்த வேகத்தில் நல்ல ஷாட்டை உருவாக்கும் கை ஒன்றில்தான் இருந்தது.

ஸ்டாமினாவையும் பெஞ்சையும் மறக்கக்கூடாது. முதல் ஐவர் மட்டும் நன்றாக இருந்து மாற்று வீரர்கள் சுமாராக இருக்கும் அணி, வேகத்தைக் கையிலெடுத்தால் கடைசிக் கால்பகுதியில் திணறும் அபாயம் உண்டு. எட்டுப் பேர் ஏறக்குறைய சமமாக இருந்தால் ஓடவிடலாம்.

சரியாகத் தேர்ந்தெடுத்தோமா என்று ஆட்டம் முடிந்தபின் புள்ளிப்பட்டியலை வைத்தே பார்க்க முடியும். எறிந்த ஷாட்டுகளிலிருந்து தாக்குதல் ரீபவுண்டுகளைக் கழித்து, டர்ன்ஓவர்களைக் கூட்டி, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கிச் சேர்த்தால் பொசஷன் எண்ணிக்கை ஏறத்தாழ கிடைத்துவிடும். 84 ஷாட், 10 தாக்குதல் ரீபவுண்ட், 13 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ என்றால் சுமார் 96 பொசஷன். அதில் 102 புள்ளி எடுத்திருந்தால் 100 பொசஷனுக்கு 106. பார்க்கவேண்டியது இந்த எண்ணைத்தான், மொத்தப் புள்ளியை அல்ல. 120 புள்ளி எடுத்த ஆட்டத்தில் மோசமாகவும், 80 எடுத்த ஆட்டத்தில் அருமையாகவும் ஆடியிருக்கலாம்.

ஒரே ஆட்டத்தைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். அதே ஐவரை வைத்து, தடுப்பு முறையை மாற்றாமல், சில ஆட்டங்கள் வேகமாகவும் சில ஆட்டங்கள் நிதானமாகவும் ஆடிப் பாருங்கள். 100 பொசஷனுக்கு நீங்கள் எடுத்ததையும் கொடுத்ததையும் இரண்டுக்கும் தனித்தனியாக எழுதி வையுங்கள். இடைவெளி எந்த முறையில் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள், எதிரே நிற்பது எந்த அணியாக இருந்தாலும்.